ஏரி வெட்டினவர் யாரு?

மினியாபொலிஸில் ஏப்ரல் வாக்கில் ஐஸ் உருகி ஏரித் தண்ணீர் கண்ணில் பட்டதும் ஊரே கரைக்கு வந்துவிடும். பத்து டிகிரி வெயிலுக்கே அரை டிராயர் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களை முதல் வருஷம் பார்த்தபோது, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்றிருந்தது. குளிர்காலம் ஒன்றிரண்டு தாண்டியதும் நானும் அந்தக் கும்பலில் சேர்ந்துவிட்டேன்.

நாங்கள் போகும் ஏரிக்கு அப்போது லேக் கல்ஹூன் என்று பெயர். நகரத்து ஏரிகளில் இதுதான் பெரியது, சுமார் 400 ஏக்கர். சுற்றி வர ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நடப்பவர்களுக்கு ஒரு பாதை, சைக்கிளுக்குத் தனிப்பாதை. சைக்கிள் ஒரே திசையில்தான் போக வேண்டும். மறந்துபோய் எதிரே வந்தால், கோபப்படவே தெரியாத மினசோட்டாக்காரர்கள்கூட முறைப்பார்கள். கோடையில் பாய்மரப் படகுகள் மிதவைகளில் கட்டிக் கிடக்கும். காற்று எழும்பினால் அவற்றின் கயிறுகள் அலுமினியக் கம்பத்தில் மோதிக் கிணிகிணியென்று ஒலிக்கும். பக்கத்தில் மீன் டாக்கோ விற்கும் கடை இருந்தது. அங்கே வரிசையில் நிற்பதே ஒரு மாலைப்பொழுது. தெற்கே தாமஸ் பீச்சில் நின்றால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் டவுன்டவுன் கட்டடங்கள் தெரியும். ஜனவரியில் அதே தண்ணீரின்மேல் பூட்ஸ் போட்டு நடப்போம். ஐஸில் துளை போட்டுத் தூண்டில் இறக்கியவர்கள் சின்னக் கூடாரத்துக்குள் முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

ஆறு மாதம் தங்கிவிட்டுப் போக ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு ஏரிக்கரைதான் வீடு மாதிரி ஆகிவிட்டது. காலையில் மங்கி குல்லாவோடு கிளம்பிவிடுவார். ஒருநாள் பெயர்ப்பலகை முன்னால் நின்று கேட்டார்: “யாருப்பா இந்தக் கல்ஹூன்? ஏரி வெட்டினவரா?”

“யாரும் வெட்டலப்பா. பனியுகத்துல தானா உண்டான ஏரி இது. அவர் யாரோ பழைய மந்திரி.”

“ஒரு மம்பட்டி மண்ணுகூட அள்ளாதவனுக்கா பேரு?” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

ஜான் சி. கல்ஹூன் தென் கரோலினாக்காரர். 1817 முதல் 1825 வரை அமெரிக்காவின் போர்த்துறை அமைச்சர். இங்கே ஸ்நெல்லிங் கோட்டை எழும்பியது அவர் காலத்தில்தான். ஏரிக்கு அவர் பெயர் வந்ததும் அந்த வழியில்தான். பிறகு துணை ஜனாதிபதி ஆனார். அடிமை முறை தவிர்க்க முடியாத தீமைகூட இல்லை, நல்லதே என்று 1837-இல் செனட்டில் எழுந்து வாதாடியவர். இதெல்லாம் எப்போதும் புத்தகத்தில் இருந்ததுதான். 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயம் ஒன்றில் ஜெபக் கூட்டத்துக்கு வந்திருந்த கறுப்பின மக்கள் ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். அந்தத் தேவாலயம் இருப்பது கல்ஹூன் தெருவில். அதற்குப் பிறகுதான் எங்கள் ஊரில் பலர் அந்தப் பலகையை உறுத்தலோடு பார்க்க ஆரம்பித்தார்கள்.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது பிடே மகா ஸ்கா, வெண்மண் ஏரி. 1829-இல் கிளவுட் மேன் என்ற தலைவர் தென்கிழக்குக் கரையில் ஒரு கிராமம் அமைத்தார். வேட்டைக்குப் போன இடத்தில் பனிப்புயலில் மாட்டி, பனிக்கடியில் நாள்கணக்கில் புதைந்து கிடந்து பிழைத்தவர் அவர். உயிர் தப்பினால் பயிர் செய்து பார்ப்பதென்று அப்போதே முடிவு செய்தாராம். கரையோரம் சோளக் கொல்லை போட்டார்கள். 1834-இல் வந்த பாண்ட் சகோதரர்கள் என்ற மிஷனரிகள் பக்கத்து மேட்டில் மரக்குடிசை கட்டிக்கொண்டு டகோட்டா மொழிக்கு எழுத்து வகுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அரசாங்க ஏஜென்ட் அந்தக் கிராமத்துக்கு வைத்த பெயர் ஈட்டன்வில். ஈட்டன் யார்? இன்னொரு போர்த்துறை அமைச்சர்! தண்ணீருக்கு ஒருவர், கரைக்கு ஒருவர். ஒஜிப்வே என்ற இன்னொரு பூர்வகுடி மக்களோடு பகை முற்றியதால் 1839-இல் கிராமத்தைக் காலி செய்தார்கள். 1862-இல் டகோட்டா மக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் நடந்த போருக்குப் பிறகு டகோட்டா குடும்பங்களைப் பிடித்து ஸ்நெல்லிங் கோட்டைக்குக் கீழே முகாமில் அடைத்தார்கள். கிளவுட் மேனின் உயிர் அந்த முகாமில்தான் போனது. அடுத்த வருஷமே, டகோட்டா மக்கள் மினசோட்டாவில் இருக்கக் கூடாதென்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

அந்தக் கிளவுட் மேனின் வழியில் வந்த இரட்டைச் சகோதரிகள் கேட் பீனும் கார்லி பேட் ஹார்ட் புல்லும், அவர்கள் அப்பா சிட் பீனும் பெயரை மீட்க முன்னால் நின்றார்கள். 2015 இலையுதிர் காலத்தில் பூங்கா வாரியம் பலகைகளில் இரண்டு பெயரையும் எழுதியது. மாலை நடையில் அவற்றின்முன் நின்று எழுத்துக் கூட்டிப் பார்ப்பவர்கள் தினமும் இருப்பார்கள். டகோட்டாப் பெயரை மட்டும் வைக்கும் தீர்மானம் 2017-இல் மாவட்ட வாரியத்தில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. 2018-இல் மாநிலமும் மத்திய அரசும் அதை ஒப்புக்கொண்டன. எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். நாற்பது வருஷம் புழக்கத்தில் இருந்த பெயரை மாற்றக் கூடாதென்று ஒரு சட்டப்பிரிவு இருக்கிறதாம். அதைப் பிடித்துக்கொண்டு 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தும் விட்டார்கள். நாற்பது வருஷம் என்றால் கல்ஹூனுக்கு முன்னால் புழங்கிய பெயருக்கும் அது பொருந்துமே என்று எனக்குத் தோன்றியது. நீதிமன்றத்துக்கு அது கேள்வி இல்லை. 2020 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்ற, பிடே மகா ஸ்கா நிலைத்தது.

வரலாற்றை அழிக்கிறார்கள் என்று சொன்னவர்களோடாவது வாதாடலாம். வாயில் நுழையவில்லை என்றவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை. மினசோட்டா என்பதே டகோட்டாச் சொல். போதாக்குறைக்கு, என் முழுப் பெயரைக் கேட்ட முதல் நாளே இரண்டெழுத்தாக வெட்டிக் கையில் கொடுத்த ஊர் இது. பிடே மகா ஸ்காவை அப்படி வெட்ட விடவில்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

எனக்குள் இரண்டு பெயரும் சண்டையில்லாமல் இருக்கின்றன. டாக்கோ வரிசை, அப்பாவின் மங்கி குல்லா, குழந்தை முதன்முதலில் மணலைத் தின்றது எல்லாம் ‘கல்ஹூன்ல’ நடந்தவை. சொல்லும்போது அப்படித்தான் வரும். 2019 மே மாதம் டாக்கோ கடை இருந்த மண்டபம் தீப்பிடித்து எரிந்ததும், அதே வருஷம் கிளவுட் மேன் கிராமத்தின் நினைவாகக் கரையில் டகோட்டாச் சொற்களும் செடிகொடிகளும் இடம்பெற்ற கலைப்பணி வந்ததும் ‘மகா ஸ்கால’ நடந்தவை. அக்கம்பக்கமும் மெல்ல மாறியது. அப்டவுனில் கல்ஹூன் ஸ்கொயர் என்ற கடைவளாகம் செவன் பாயின்ட்ஸ் ஆனது. வெஸ்ட் கல்ஹூன் குடியிருப்பு வெஸ்ட் மகா ஸ்கா ஆனது.

அடுத்த ஏரிக்கு டகோட்டாவில் பிடே உமான் என்று பெயர். வரைபடத்தில் அது இன்னும் லேக் ஹாரியட்தான். கோட்டை வேலையை 1819-இல் தொடங்கிய கர்னல் லெவன்வொர்த்தின் மனைவி அந்த அம்மாள். யாரையும் அடிமையாக வைத்திருக்கச் சொல்லி செனட்டில் பேசியதில்லை. புருஷனோடு படகேறி இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தவர். அந்தப் பெயரையும் மாற்றலாமா என்று ஓட்டுக்கு வந்தால் கையைத் தூக்குவேனா என்று கேட்டாள் என் மனைவி. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.