முதலில் விடும் மீன்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறேன் என்றதும் மீன் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார்: "முதலில் நாலு டாம்சல் மீனை விடுங்கள், சார். லேசில் சாகாது. தண்ணீர் பதப்பட்டதும் உசத்தியான மீன்களை விடலாம்."

அவர் பேச்சில் விஞ்ஞானம் இல்லாமல் இல்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. மீனுக்கு அது விஷம். ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷந்தான். வேறொரு வகை அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். புதுத் தொட்டியின் கல்லிலும் மணலிலும் இவை குடியேறிப் பெருக 4 வாரம், 6 வாரம் ஆகும். அதுவரை யாராவது அந்த விஷத்தில் கிடந்து, நுண்ணுயிர்களுக்குத் தீனி கொடுத்தாக வேண்டுமாம். லேசில் சாகாது என்பதுதான் டாம்சல் செய்த குற்றம். கூட்டுக் குடும்பங்களில் இந்த மீனை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே அதற்கு மூத்த மருமகள் என்று பெயர்.

மீனே இல்லாமலும் தொட்டியைப் பழக்கலாம். அம்மோனியாவைத் துளித் துளியாக நாமே விட்டு, சோதனைக் குழாயில் நிறம் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நான் அப்படியே செய்தேன். 6 வாரம் எங்கள் கூடத்தில் விளக்குப் போட்ட வெறும் தண்ணீர் இருந்தது. "ஒளிஞ்சுக்கிட்டு இருக்குதா, மாப்பிள்ளை?" என்று தொட்டியைச் சுற்றி வந்து கேட்டார் மாமனார். "இன்னும் வரவில்லை" என்றேன். பெண்ணைக் கொடுத்த இடத்தைப் பற்றி அவருக்குப் புதிதாக ஒரு கவலை உண்டாயிற்று.

சமையல் உப்பைக் கரைத்தால் ஆகாதா என்று மனைவி கேட்டாள். ஆகாது. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம் என்று எத்தனையோ இருக்கின்றன. இதற்கென்றே விற்கும் உப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும். நீர் ஆவியாகிக் குறைந்தால் மட்டும் உப்பு நீரை ஊற்றக் கூடாது. போனது தண்ணீர்தான், உப்பு அங்கேயே இருக்கிறது. இந்த நுட்பம் உடனே புரிந்தது அவளுக்குத்தான். இன்றும் காபி போடுமுன் ஒரு செம்பு வடிகட்டிய நல்ல தண்ணீரை அவளே ஊற்றுகிறாள்.

ஏழாம் வாரம் ஒரே ஒரு டாம்சலை வாங்கி வந்தேன். டோமினோ என்ற ஜாதி. கன்னங்கரேலென்ற உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, விலாவுக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. டாம்சல் என்றால் ஆங்கிலத்தில் கன்னிப்பெண். பெயர் வைத்தவர் அதனோடு ஒரு வீட்டில் குடியிருந்திருக்க முடியாது. மறுநாளே பெரிய கல்லுக்குப் பட்டா எழுதிக்கொண்டது. கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டால் பாய்ந்து வந்து கடிக்கும். அதன் நீளம் அப்போது ஓர் அங்குலம்!

"இனி இது மற்ற மீன்களை வாழ விடாது. பிடித்துக்கொண்டு வாருங்கள், திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்றார் கடைக்காரர். அதாவது, விஷம் குடிக்க முதல் ஆள். வீடு வாழத் தகுந்ததும் வெளியேற வேண்டிய முதல் ஆளும் அதுவே. நான் கொண்டுபோகவில்லை. வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் வேண்டுமென்று என் மகள் கேட்கிறாள். அதுவும் டாம்சல் குடும்பந்தான். பங்காளிகளை ஒரே கூரையின்கீழ் வைக்க எனக்குத் தைரியமில்லை.

ஆனால் கடலில் இதன் குஞ்சுகள் கடல்சாமந்தியைச் சுற்றிக் கூட்டமாய்த் திரிபவை. இங்கே தன்னந்தனியாகக் கல்லைக் காவல் காக்கிறது. வரவர நெற்றிப் பொட்டும் மங்குகிறது. "உடம்புக்கு என்ன?" என்று மனைவி பதறினாள். வளர வளர அப்படித்தான் என்றேன்.

"எவ்வளவு வளரும்?"

"5 அங்குலம் வரை."

அவள் எங்களுடைய மூன்றடித் தொட்டியைப் பார்த்தாள். பிறகு, புத்தக அலமாரி நிற்கும் சுவரைப் பார்த்தாள்.