தோலும் இயங்குதளமும்

ஆம்பூரில் தோலை அறிந்தவர்கள் அதன் பளபளப்பைப் பார்த்து விலை சொல்வதில்லை. திருப்பிப் போட்டுச் சதைப்புறத்தைத் தடவிப் பார்ப்பார்கள். மேற்பூச்சு மறைத்த கீறலை விரல் கண்டுகொள்ளும். கணினி வாங்கும்போது மட்டும் அந்த விரல் நமக்கு இல்லாமல் போகிறது.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் முதுகலை வகுப்பில் பாதிப்பேர் காலணித் தொழிற்சாலைக்கோ தோல் ஷாப்புக்கோ வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யும் பருவம் வந்தால், "ஐயா, எதை வாங்கலாம்?" என்ற கேள்வி என்னிடம்தான் வருகிறது. பல மாதச் சம்பளத்தை ஒரு பொருளின் மீது வைக்கப்போகும் குடும்பத்துக்கு விளம்பர வாசகத்தைப் பதிலாகச் சொல்ல மனம் வருவதில்லை.

மாக்கின்டாஷ் அழகானது, உறுதியானது. வன்பொருளையும் மென்பொருளையும் ஒரே நிறுவனம் செய்வதன் ஒழுங்கு அதில் தெரியும். ஆனால் அதன் மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ள வழியில்லை. முதல் நாளே முழு விலையையும் கொடுத்துவிட வேண்டும். விண்டோஸ் கணினியோ எல்லா விலையிலும் கிடைக்கிறது. பழுது பார்க்க வேலூர்வரைகூடப் போக வேண்டியதில்லை. லினக்ஸுக்கு விலையே இல்லை. கற்றுக்கொள்ளும் பொறுமைதான் அதன் விலை.

பாதுகாப்பு என்றதும் மாக்குக்கு வைரஸ் வராது என்பார்கள். 2012இல் ஃபிளாஷ்பேக் ஆறு லட்சம் மாக்குகளுக்குள் புகுந்தது. லினக்ஸ் வழங்கிகள் பெரிதும் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டது. 2017 மே மாதம் வான்னாக்ரை இங்கிலாந்தின் மருத்துவமனைகளை முடக்கியபோது, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. நிறுவிக்கொள்ளாதவர்களே பெரிதும் அகப்பட்டார்கள். ஆக, பாதுகாப்பு என்பது பெட்டியின் மீதுள்ள பெயரில் இல்லை. திருத்தங்கள் தொடர்ந்து வருவதிலும் அவற்றை நாம் ஏற்றுக்கொள்வதிலும் இருக்கிறது.

ஏழைக்கு இடிப்பது இங்கேதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் செயலியும் பழைய இயந்திரங்கள் பலவற்றில் இல்லை. விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை. ஆனாலும் கணினி கிழடாகிவிட்டது. நல்ல தோலைக் கழிவுக் குவியலில் எறிவது போன்ற காரியம் இது.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15இல் இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. பெரும்பாலோர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. உடன் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரிலோ திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது!

சென்ற பருவத்தில் ஒரு மாணவி, அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புதிதாக வாங்கத் தந்தை கடனுக்கு அலைந்துகொண்டிருந்தார். இலேசான லினக்ஸ் ஒன்றை அதில் நிறுவினோம். யூனிகோடும் தமிழ்99 விசைப்பலகையும் அதிலேயே இருந்தன. ஆய்வேடு அதில்தான் முடிந்தது, கடன் வாங்கவில்லை.

எல்லோருக்கும் லினக்ஸ்தான் என்று சொல்ல வரவில்லை. அலுவலகத்தில் விண்டோஸ் மென்பொருள் கட்டாயமென்றால் அதையே வாங்க வேண்டும். வசதியுள்ளவர் மாக் வாங்கட்டும். வாங்குமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: இதற்குத் திருத்தங்கள் எந்த ஆண்டுவரை வரும்? கணினியின் சதைப்புறம் அதுதான்.