டில்பரி ரயில் நிலையத்தில் சண்டை போட்ட பெண்

'ஃபிஷ் டேங்க்' படத்தை ஒரே மடிக்கணினியில், ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் எங்களில் ஒரு தோழர் கேட்டார்: "இந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனாங்க?" போனில் தேடினோம். அவருடைய நடிப்பைப் பற்றிய எழுத்துக்கு முன்பே வந்து நின்றது, அவர் ஒரு கடையில் காவலாளியாக வேலை பார்க்கிறார் என்ற பழைய செய்தி.

அவர் பெயர் கேட்டி ஜார்விஸ். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில், தேம்ஸ் கரையில் இருக்கும் துறைமுக ஊர் டில்பரி. (1948இல் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியத் தீவு மக்கள் வந்திறங்கியதும் இங்கேதான்.) அந்த ஊர் ரயில் நிலையத்தில், எதிர் நடைமேடையில் நின்ற காதலனோடு கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நடிகர் தேடி அலைந்துகொண்டிருந்த படக்குழுவினர் கண்ணில் பட்டார். வயது 17. அதற்கு முன் நடித்ததே இல்லை. படத்தின் நாயகி மியாவோ நடனத்தையே கனவாகக் கொண்ட 15 வயதுப் பெண். கேட்டிக்கு நடனமும் தெரியாது.

இயக்குநர் ஆண்ட்ரியா ஆர்னால்ட் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல. அவரே டார்ட்ஃபோர்டில் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். காட்சிகளைக் கதை நடக்கும் வரிசையிலேயே எடுத்தார். முழுத் திரைக்கதையையும் நடிகர்களிடம் கொடுக்கவில்லை. அவ்வப்போது தேவையான பக்கங்கள் மட்டும்தான் கைக்கு வரும். அம்மாவின் காதலனாக வரும் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் தேர்ந்த நடிகர். அவருக்கு எதிரே, நாளை தன் பாத்திரத்துக்கு என்ன நடக்கும் என்று தெரியாமலேயே இந்தப் பெண் நிற்கிறார். ஏறக்குறைய ஒவ்வொரு காட்சியிலும் அவர் இருக்கிறார். படத்தைத் தோளில் சுமப்பதே அவர்தான்.

ஆனால் 'கண்டெடுத்தார்கள்' என்றே எழுதினார்கள், ஏதோ கீழே கிடந்த காசு மாதிரி. 'நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்' என்றும் பாராட்டினார்கள். வியர்வை சிந்திக் கற்றதை 'அது அவங்களுக்கு இயல்பா வரும்' என்று சொல்லி, உழைப்பைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடும் இந்தப் பாராட்டு நமக்குப் பழக்கமானதுதானே.

2009 மே மாதம் கான் விழாவில் படத்துக்கு நடுவர் குழு விருது கிடைத்தது. கேட்டி போகவில்லை. அப்போதுதான் அவருக்கு மகள் பிறந்திருந்தாள். அதே ஆண்டு பிரிட்டிஷ் சுயாதீனத் திரைப்பட விருதுகளில் நம்பிக்கையூட்டும் புதுமுகமாகத் தேர்வானார். பிறகு சில வாய்ப்புகள், இடையில் நீண்ட இடைவெளிகள். 2018இல் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் வந்தார். தொடரிலிருந்து விலகிய பின், 2019இல்தான் அந்தக் காவலாளிச் செய்தி. நடிகை வீழ்ந்துவிட்டார் என்ற தொனியில் ஒரு பத்திரிகை எழுதியது.

பிரிட்டிஷ் நடிகர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். வாய்ப்பில்லாத காலத்தில் தாங்கள் பார்த்த வேலைகளைச் சமூக ஊடகத்தில் வரிசையாக எழுதினார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் எங்களுக்கு ஒரு நெருடல். 'நாங்களும் இடையில் இதைச் செய்தோம்' என்றால், அது மேலே போகும் வழியில் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்ற இடம் என்றாகிறது. அங்கேயே முப்பது வருடம் நின்று ஓய்வு பெறுகிறவர் அந்தப் பட்டியலில் எங்கே வருவார்? இன்னொன்று: மேடைப் பயிற்சியும் குடும்பப் பணமும் உள்ளவர் அடுத்த வாய்ப்புக்காக இரண்டு வருடம் காத்திருக்கலாம். கைக்குழந்தையோடு டில்பரியிலிருந்து வருகிறவருக்கு அது முடியுமா?

எங்களோடு படம் பார்த்த ஒரு தங்கையின் அப்பா ஏடிஎம் வாசலில் இரவுக் காவலாளி. அவள் போனை வாங்கி அந்தச் செய்தியை மறுபடி படித்தாள். "இதுல செய்தி எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. அம்மாவும் இரண்டு மகள்களும் பேசிக்கொள்ளாமல் சேர்ந்து ஆடுகிற அந்தக் கடைசிப் பகுதிக் காட்சியை இன்னொரு முறை போடச் சொன்னாள். போட்டோம்.