நாடியைப் பிடிக்காமல் காற்று ஏற்றாதே

ஓய்வுபெற இரண்டு நாள் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டைப் புரட்டிய அந்தச் செவிலியருக்கு மனசு ஆறவில்லை. ஒரே காலையில் பிபி பார்த்த நாற்பது பேரில் பாதிப் பேருக்கு மேல் 130/80. மற்றவர்களுக்கும் பூஜ்ஜியத்தில்தான் முடிகிறது. பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டிரண்டாக அல்லவா இருக்கின்றன? 134 உண்டு, 146 உண்டு. அவையெல்லாம் எங்கே போயின?

“ஆளைப் பார்த்து எழுதுறாங்க. காதால கேட்டு எழுதலை” என்கிறார்.

அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வார்டில் இருந்த ஒரு மூத்த சிஸ்டர். ஒரு மாதம்வரை ஸ்டெத்தைத் தொடவே விடவில்லையாம். முதலில் மணிக்கட்டில் விரல் வை. காற்றை ஏற்று, நாடி எந்த அளவில் மறைகிறது என்று பார். இறக்கிவிட்டு, அதற்கும் 30 மேலே ஏற்று. பிறகு ஸ்டெத்தை வைத்து, நொடிக்கு 2 வீதம் இறக்கு. எதற்கு இத்தனை சுற்று என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டவருக்கு ஒரு பெரியவரால் விடை கிடைத்தது. அவருக்கு இவர் நாடி பார்க்காமல் 160 வரை ஏற்றினார். 150இல் ஒலி கேட்டது, எழுதிவிட்டார். மூத்த சிஸ்டர் நாடியைப் பிடித்தபடி ஏற்றினார். அது 200ஐத் தாண்டித்தான் மறைந்தது. 204இல் தொடங்கிய ஒலி 176இல் அடங்கி, 150இல் திரும்ப எழுந்தது. 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் விவரித்த அதே ஒலிகள்தான். சிலருக்கு நடுவே இப்படி ஒரு மௌனம் விழும். நாடியைத் தொடாதவர் அதில் ஏமாந்துபோவார்.

பாதரசக் கருவி விடைபெறுவதில் அவருக்கு வருத்தமில்லை, பாதரசம் நஞ்சு. டிஜிட்டல் கருவியும் நல்லதே. சட்டைக் கைக்கு மேலே கஃப் சுற்றுவதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. பருத்த கைக்குச் சின்ன கஃப் போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். கை தொங்கினாலும், பேசிக்கொண்டிருந்தாலும், சிறுநீரை அடக்கியிருந்தாலும் அப்படித்தான்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. அந்த மாத்திரையைத் தீர்மானிக்கிற எண் சரியாக இருக்க வேண்டாமா?

பிபி பார்க்கப் போகிறவர்களிடம் அவர் கேட்டுக்கொள்வது இதுதான்: ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட உட்காருங்கள். கையை மேசைமேல் நெஞ்சளவில் வையுங்கள். வாய் திறக்காதீர்கள். 140/90 வந்தால் இன்னொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். அளவு இறங்கிவிட்டதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது இறங்கியிருப்பதே மாத்திரையால்தான்.