சித்தி சொன்ன ரகசியம்

ரிஷிவந்தியத்தில் மூலவர் அர்த்தநாரீஸ்வரர். லிங்கத்துக்குத் தேனபிஷேகம் ஆகும்போது அதில் அம்பாள் உருவம் தெரியும் என்பார்கள். எக்கி எக்கிப் பார்த்த எனக்கும் ஏதோ தெரிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற சித்தி ஸ்வாமியைப் பார்க்கவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். முகத்தில் பக்தி இல்லை, அவஸ்தை.

அன்றிரவு கொல்லைத் திண்ணையில் விஷயம் வெளிவந்தது.

"ஏழு வருஷமாச்சுடி. ராத்திரியானா அரிப்பு. தோல் வெளுத்துப் போச்சு. குஷ்டமோ என்னமோன்னு சித்தப்பாகிட்டக்கூடச் சொல்லலே" என்றாள். அவர் கூடத்தில் படுக்க, இவள் உள்ளே படுப்பதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேப்பிலை, மஞ்சள், தேங்காயெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு டாக்டர், பார்க்காமலே, படைக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தாராம். பார்க்கச் சொல்ல இவளுக்கு வெட்கம். பார்க்க அவருக்கு அவகாசமில்லை.

மறுநாளே கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் பார்த்தார். "லைக்கன் ஸ்க்ளிரோசஸ்" என்றார். தொற்று இல்லை, குஷ்டமுமில்லை. உடம்பின் காவல்படையே தன் தோலைப் பகையென்று நினைத்துத் தாக்குவதாகக் கருதப்படும் வியாதி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம். வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் வருவதுண்டு. தோல் சிகரெட் காகிதம் போல் மெலிந்து சுருங்கும். விட்டுவிட்டால் இதழ்கள் ஒட்டி, வாசல் குறுகும். ஆசனவாய் வரை பரவும். வைத்தியமில்லாவிட்டால் நூற்றுக்கு ஐந்து பேருக்குள் புற்றுநோயும் வரலாம்.

இதே வியாதி ஆண்களுக்கும் உண்டு என்று அவர் சொன்னதும் சித்தி நிமிர்ந்தாள். "எங்க மச்சினருக்குத் தோல் இறுகிப் போய் ஆபரேஷன் பண்ணினாங்களே, அதுவா?"

அதுவாக இருக்கலாமாம். ஆண்களுக்கு அரிப்பைவிட இறுக்கமே பெரிய தொல்லை. முன்தோல் பின்னால் போகாது; சிறுநீர் நூலாக வரும்; சிலருக்கு அதன் பாதையே அடைபடும். ஆசனவாயை அநேகமாகத் தொடாது. குழந்தையிலேயே சுன்னத்து ஆனவர்களுக்கு வருவது அபூர்வம். களிம்புக்கு மசியாவிட்டால் முன்தோலை அகற்றுவார்கள். பெரும்பாலோருக்கு அதோடு தீர்ந்துவிடும். பெண்ணுக்கு அப்படி அகற்றித் தீர்க்கிற வழியில்லை. களிம்புதான், அதுவும் காலமெல்லாம்.

பெயரிலும் பேதம். 1887-ல் ஹாலோப்போ என்ற பிரெஞ்சுக்காரர் வர்ணித்த வியாதிக்கு, ஆணிடம் கண்டபோது 1928-ல் ஸ்டூமர் வேறொரு நீண்ட பெயர் சூட்டினார். ஒரே வியாதி இரண்டு பெயரில் வெகுகாலம் நடமாடியது.

மச்சினர் மூத்திரம் சிறுத்த ஏழாம் மாதமே ஆஸ்பத்திரிக்குப் போனவர். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஹார்லிக்ஸ் வாங்கிப் போய்ப் பார்த்தார்கள். கரைத்துக் கொடுத்தவள் சித்திதான்!

குளோபெட்டசால் களிம்பு. முதல் மாதம் தினமும், அடுத்த மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை, விரல் நுனியளவு. அங்கே சோப்பு கூடாது. வருஷத்துக்கொரு முறையாவது காட்ட வேண்டும்.

மூன்று மாதம் கழித்துப் போனேன். சித்தப்பாவின் பாய் உள்ளே வந்திருந்தது. ஒட்டிய தோல் பழையபடி ஆகாதாம், தூக்கம் வந்துவிட்டதாம். பேசிக்கொண்டிருக்கையில் எதிர்வீட்டம்மாள் தயிர் கேட்டு வந்தாள். வாங்கிய பிறகும் போகவில்லை. பிறகு மெல்ல, "அந்த டாக்டரம்மா என்னைக்கெல்லாம் இருப்பாங்க?" என்றாள்.