பொருளும் இருப்பிடமும்

ஆங்கிலம் தெரியாதவர்கள் என்று நம்மவருள் பலர் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்கின்றனர். ஆயின் அவர்கள் பேச்சைச் சற்றே கவனியுங்கள். பக்கெட், கிளாஸ், டார்ச்லைட், ஃபேன், சுவிட்ச் என்னும் ஆங்கிலப் பெயர்கள் அதில் நாள்தோறும் நடமாடுகின்றன. ஆகவே, பொருள்களின் பெயர் தெரியாமை அவர்தம் குறையன்று. அப்பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லவும், பிறர் சொன்னால் விளங்கிக்கொள்ளவும் இயலாமையே குறை.

தோட்டத்தை விட்டு நகரத்திற்குப் பிழைப்புத் தேடி வந்த பெண்மணிகள் சிலருக்கு ஞாயிறுதோறும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகின்றேன். அவர்களுள் ஒருவர் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இன்று ஒரு வீட்டில் துப்புரவு வேலை செய்கிறார். பக்கெட்டைக் கதவுக்குப் பின்னால் வைக்கும்படி அவ்வீட்டார் ஆங்கிலத்தில் ஏவினர். பக்கெட் அவருக்குத் தெரியும், டோர் தெரியும், இடையில் நின்ற ‘பிஹைண்ட்’ தெரியாது. கதவுக்கு முன்னால் வைத்தார். வீட்டுக்காரர் அதில் இடறினார். அன்று கேட்ட ஏச்சை அவ்வம்மையார் என்னிடம் திரும்பச் சொல்லவில்லை. “அந்த நடுச் சொல்லை மட்டும் சொல்லிக்கொடு, தம்பி” என்றார்.

அந்த நடுச் சொற்கள் எத்தனை? 1930ஆம் ஆண்டில் ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 850 சொற்களைக் கொண்ட ‘அடிப்படை ஆங்கிலம்’ ஒன்றை வகுத்தார். அவற்றுள் 200 சொற்கள் படம் வரைந்து காட்டத்தக்க பொருள்களின் பெயர்கள். இடமும் திசையும் காட்டும் சொற்களோ ஏறக்குறைய இருபதே. வீட்டுக்குள் புழங்க இத்தகைய சொற்கள் பத்தே போதும்: இன், ஆன், அண்டர், அபவ், பிஹைண்ட், நியர், பிட்வீன் முதலியன.

இடப்பொருள் தமிழனுக்குப் புதியதன்று. ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளை நன்னூல் கூறுகிறது. மேல், கீழ், உள், முன், பின், இடை ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். நமக்குள்ள இடர்ப்பாடு ஒன்றே. தமிழில் இடச்சொல் பெயருக்குப் பின்னே வரும்; ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே வரும். நாம் ‘கதவுக்குப் பின்னால்’ என்போம். ஆங்கிலேயன் ‘பிஹைண்ட் த டோர்’ என்பான்.

இம்முறைதானும் நம்மவர்க்கு அந்நியமோ? மலாய்மொழியில் ‘டி பெலாக்காங் பிந்து’ என்று தடுமாறாமல் சொல்கிறோமே! ‘பெலாக்காங்’ முன்னே, கதவு பின்னே. ‘டி ஆத்தாஸ் மேஜா’ என்பதும் அவ்வாறே. அந்த மேஜாவும் நம் மேசையும் போர்ச்சுகீசியர் தந்த ஒரே சொல். அலமாரியும் சன்னலும் அவ்வழி வந்தவையே. கடைத்தெருவில் மலாய் பேசும் தோட்டத்து மனிதன் ஆங்கிலச் சொல்லொழுங்கில் பாதியை முன்னமே கற்றுவிட்டான். அதை அவனுக்கு எடுத்துச் சொல்வார்தாம் இல்லை.

கருத்தூன்ற வேண்டிய இடங்கள் இரண்டு உண்டு. மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கும் புத்தகத்தையும், மேசைக்கு நேரே உயரத்தில் தொங்கும் விளக்கையும் நாம் ‘மேல்’ என்ற ஒரு சொல்லாலேயே குறிப்போம். ஆங்கிலத்தில் தொட்டிருப்பது ‘ஆன்’. தொடாமல் உயரே நிற்பது ‘அபவ்’. சுவரில் மாட்டிய படமும் ‘ஆன்’. உட்கூரையில் தலைகீழாய் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியும் ‘ஆன்’. ‘சுவரில்’ என்று தமிழில் சொல்வதால் ‘இன்’ என்று போட்டுவிடலாகாது. சுவருக்குள் பதிந்த ஆணிக்கே அது பொருந்தும்.

மற்றொன்று ‘எ’, ‘த’ என்னும் சிறு சொற்கள். ‘மேசையின் மேல் ஒரு சாவி இருக்கிறது’ என்றால் கேட்பவருக்கு அச்சாவி புதிது: ‘தேர் இஸ் எ கீ ஆன் த டேபிள்’. ‘சாவி மேசையின் மேல் இருக்கிறது’ என்றால் அவர் தேடிய சாவி அது: ‘த கீ இஸ் ஆன் த டேபிள்’. நாம் சொல்லை இடம் மாற்றி உணர்த்தும் வேறுபாட்டை அவர்கள் இச்சிறு சொற்களாலும் உணர்த்துகின்றனர்.

இதற்குப் பள்ளிக்கூடமும் பலகையும் வேண்டுவதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்தபின் ஒரு கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டின் மேல் வையுங்கள். தட்டின் அடியில் வையுங்கள். இரண்டு கிளாசுகளுக்கு நடுவில் வையுங்கள். எங்கே என்று பிள்ளை கேட்கட்டும். தாய் விடை சொல்லட்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் ஆசிரியனாவதில் தாய்க்கு என்ன இழிவு? ஒரு நாளைக்கு ஒரு சொல்லாக முயன்றால் இரண்டு வாரத்தில் பாடம் முடிந்துவிடும்.

தோழர்களே! இதனால் யாவரும் ஆங்கிலப் புலவராகிவிடுவர் என்று நான் சொல்லவில்லை. வலி விலாவுக்குக் கீழே என்று மருத்துவரிடம் தானே சொல்பவனும், மருந்து எந்தத் தட்டில் இருக்கிறதென்று தானே கேட்டறிபவளும் இன்னொருவர் வாய்க்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை. பத்துச் சிறு சொற்கள் அந்த அளவு விடுதலையைத் தருமாயின், அவற்றை இன்றிரவே கற்கத் தொடங்கலாமன்றோ?