தரங்கம்பாடியில் ஒரு கல்லறை

விக்கிரமங்கலத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டுக் கொள்ளிடத்தைக் கடந்து, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடியை நாங்கள் அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. உடன் வந்தவர் என் சித்தப்பா. மறுநாள் பக்கத்து ஊரான பொறையாற்றில் அவருடைய பேரனுக்கு ஞானஸ்நானம். சித்தி இரு நாள் முன்னரே சென்றுவிட்டார். லுத்தரன் குடும்பத்தில் மணமுடித்துக்கொண்ட மகளோடு சித்தப்பா பேச்சை நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. சித்தியின் கண்ணீருக்காகப் பயணத்திற்கு இசைந்தாரேயன்றி, அவர் மனம் இளகியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் செல்பவர் அவர். வீரமாமுனிவர் வாழ்ந்து மறைபரப்பிய மண் என்பதில் அவருக்கு அளவற்ற பெருமை. "முனிவர் ஏடெழுதி மறுத்த பதிதர் கூட்டத்தில் அல்லவா என் மகள் போய்ச் சேர்ந்தாள்!" என்று வழியெல்லாம் வருந்திக்கொண்டே வந்தார்.

1792-இல் கட்டப்பெற்ற நகர வாயிலைக் கடந்தால் தரங்கம்பாடியின் அகன்ற இராஜ வீதி கடலை நோக்கிச் செல்கிறது. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் டென்மார்க்கு நாட்டார் பெற்ற ஊர் இது. 1845-இல் அது ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அவர்களுடைய கோட்டை இன்றும் அலையோரம் நிற்கிறது.

இக்கரையில் 1706 சூலை 9-ஆம் நாள் வந்திறங்கியவர் ஜெர்மானியரான சீகன்பால்கு. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய லுத்தரன் போதகர் அவர். அன்று அவருக்கு வயது இருபத்து நான்குகூட நிரம்பவில்லை. திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். டென்மார்க்கு ஆளுநரோடு ஏற்பட்ட பிணக்கால் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். அவர் நினைவாக 2017-இல் அவர் பெயர் தாங்கிய இல்லம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சித்தப்பா வாயிலிலேயே நின்றுகொண்டு, "நீ போய்ப் பார்த்து வா" என்றார். நான் மட்டும் உள்ளே சென்றேன்.

சிறிய இல்லந்தான், ஆயினும் நின்று நிதானித்துப் பார்க்கத்தக்கது. தமிழ் அச்சுக்கலையை முதலில் கொணர்ந்தவர் சீகன்பால்கு அல்லர். சேசு சபைக் குரு என்றீக்கு என்றீக்கசு 1578-இலேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சிட்டார். எனினும் அத்தொண்டு காலப்போக்கில் நின்றுபோயிற்று. சீகன்பால்குவோ இலண்டனிலிருந்து அச்சுப்பொறியையும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளையும் தருவித்தார். அவ்வெழுத்துகள் பெரியனவாய்க் காகிதத்தை விழுங்கவே, இவ்வூரிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. பொறையாற்றில் காகிதப் பட்டறையும் எழுந்தது. புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் முழுமையாக அச்சேறியது.

வெளியே வந்து, "வீரமாமுனிவரின் நூலொன்று எங்கே அச்சாயிற்று என்று தெரியுமா, சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். முனிவர் இலத்தீனில் எழுதிய பேச்சுத் தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சானது இதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்தில்தான். முனிவர் தம் கொள்கைகளைக் கண்டித்து நூல்கள் எழுதியவர் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. எனினும், தமிழ் கற்க வருவோர்க்கு அவரினும் சிறந்த ஆசான் இல்லை என்பதை உணர்ந்து அச்சிட்டார்கள். இதைச் சொன்னதும் சித்தப்பா நெடுநேரம் பேசவில்லை.

புதிய எருசலேம் ஆலயம் அருகிலேயே இருக்கிறது. 1707-இல் கட்டிய முதல் ஆலயத்தைக் கடல் கொண்டுபோயிற்று. சிலுவை வடிவான இவ்வாலயம் 1718 அக்டோபரில் அர்ச்சிக்கப்பட்டது. நான்கு மாதங்களே கடந்திருந்தன. 1719 பிப்ரவரி 23-இல் சீகன்பால்கு காலமானார். வயது முப்பத்தாறு. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு உரூத்து ஆகமத்தோடு நின்றிருந்தது. தாம் எழுப்பிய ஆலயத்தின் பீடத்தருகே துயில்கிறார். உடன் உழைத்த குருண்ட்லரும் மறு ஆண்டே அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நான் கல்லறை முன் நின்றிருந்தபோது பின்னால் காலடி ஓசை கேட்டது. சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தார். சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு என் பக்கத்தில் நின்றார்.

"முப்பத்தாறு வயதுதானா?" என்று மெல்லக் கேட்டார். "என் மகளுக்கு இப்போது அந்த வயதுதான்."

அன்பான வாசகரே, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இலேயே இவர்களைப் பிரிந்த சகோதரர் என அழைத்து நமக்கு வழிகாட்டிற்று. ஏட்டில் படித்த அச்சொல் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வர எத்தனை காலம் பிடிக்கிறது! கொள்கையில் வேறுபட்டவர்களும் ஒருவர் அருமையை மற்றவர் அறிந்து போற்றக்கூடும் என்பதற்கு அந்த இலக்கண நூலே சான்று. நம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்குமாறு அது நம்மைக் கேட்கவில்லை. பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள் என்றே கேட்கிறது.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்ட சித்தப்பா, கடைத்தெரு எந்தப் பக்கம் என்று வினவினார்.

"குழந்தையைப் பார்க்க வெறுங்கையோடா போவது?" என்றார்.